அரங்கின் அடிமண்

சில மாதங்களுக்கு முன்னர், பாடசாலை முடிந்த ஒரு மாலைப்பொழுதில், எம்மிடம் கற்கும் மாணவன் ஒருவன் தன் கொப்பியைத் திறந்து ஒரு பட்டியலைக் காட்டினான். ஆசியக் கண்டத்தில் வாழ்நாளில் ஒரு முறையேனும் பார்க்கவேண்டிய உதைபந்தாட்ட அரங்குகள் என்று பத்துப் பன்னிரண்டு பெயர்களை அதில் எழுதியிருந்தான். ஒவ்வொரு பெயரின் எதிரிலும், எத்தனை ஆயிரம் பேர் அமரலாம் என்ற கணக்கும் இருந்தது. "சேர், இதுக்குள்ள எதை முதல் போய்ப் பார்க்க வேணும்?" என்று கேட்டான். காங்கேசன்துறைக் கடற்கரையில் வெறுங்காலுடன் பந்து உதைத்து வளர்ந்த பையன் அவன். கொழும்பையே அவன் இன்னும் கண்டதில்லை.

அன்று அவனுக்கு நாம் விடை கூறவில்லை. கேள்வி எளியது போலத் தோன்றிற்று. எண்ணிப் பார்க்கையில் எளியதாக இல்லை. ஓர் அரங்கு காணத்தக்கது என்று எதனைக்கொண்டு சொல்வது? பெருமையைக்கொண்டா, செலவைக்கொண்டா, அங்கு வென்றோரின் புகழைக்கொண்டா? அல்லது அந்த மண்ணில் மனிதர் மனிதருக்குச் செய்ததைக்கொண்டா? இக்கட்டுரை அம்மாணவனுக்கு நாம் தாமதமாகக் கூறும் விடையாகும்.

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை, மாதவி ஆடிய அரங்கின் அளவுகளைக் கூறுகிறது. அகலம் ஏழு கோல். நீளம் எட்டுக் கோல். தரையினின்றும் உயரம் ஒரு கோல். எம் மாணவனின் பட்டியலும் ஏறத்தாழ இவ்வகைப்பட்டதே. ஆனால் அக்காதைக்கு உரைகண்ட அடியார்க்குநல்லார், அளவைப் பேசுமுன் மண்ணைப் பேசுகிறார். எலும்பும் உமியும் பரலும் கலந்த நிலம் அரங்குக்கு ஆகாது, உவர்த்தரை ஆகாது, சாம்பற்றரை ஆகாது. அரங்கு ஊரின் நடுவே அமைதல் வேண்டும். தேரோடும் வீதிகளை எதிர்நோக்கி நிற்றல் வேண்டும். அவர் கூறியது சிற்பநூல் விதி. ஆயினும் அதனை ஓர் அறநூல் விதியாகவும் நாம் கொள்ளலாம் என்பதே எமது துணிபு. அரங்கின் அடியில் எலும்பு இருத்தலாகாது. அரங்கின் வாயில் வீதியில் நடப்போர் அனைவரையும் நோக்கித் திறந்திருத்தல் வேண்டும். இவ்விரு விதிகளையும் கைக்கொண்டு, அவனது பட்டியலை மீண்டும் ஒருமுறை வாசிப்போம்.

பெருமை அளவில் இல்லை என்பதற்கு முதற் சான்று கல்கத்தா. 1911ஆம் ஆண்டு யூலை 29ஆம் திகதி, மோகன் பகான் அணி கிழக்கு யோர்க்க்ஷயர் படைப்பிரிவின் அணியை இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வென்று கேடயத்தைக் கைப்பற்றியது. அன்று அங்கு வானளாவிய அரங்கு ஏதும் இருக்கவில்லை. பார்க்க வந்தோரிற் பெரும்பாலோருக்கு இருக்கையும் இல்லை. வென்ற அணியினருள் ஒருவர் தவிர ஏனையோர் வெறுங்காலுடன் ஆடினர் என்பர். ஆளும் இனத்தவன் உடல்வலிமையிலும் உயர்ந்தவன் என்ற பொய்யை ஒரு மாலைப்பொழுது உடைத்தெறிந்தது. அந்தப் புல்தரை காணத்தக்கது.

இரண்டாவது சான்று கோலாலம்பூர். 1957ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் திகதி, மலாயாவின் விடுதலை மெர்டேக்கா விளையாட்டரங்கில் பிரகடனம் செய்யப்பட்டது. துங்கு அப்துல் ரகுமான் விடுதலை என்ற சொல்லை ஏழு முறை முழங்கினார். அந்நாட்டின் இறப்பர்த் தோட்டங்களையும் புகையிரதப் பாதைகளையும் தம் உழைப்பால் உருவாக்கியவருள் எம் மொழி பேசுவோர் பல்லாயிரவர். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுவினைஞராகவும் நிலைய அதிபராகவும் சென்றோரும் உளர். ஒரு நாடு பிறப்பதற்கு அரண்மனையைத் தெரிந்துகொள்ளாமல் விளையாட்டு மைதானத்தைத் தெரிந்துகொண்டது எதனால்? மக்கள் திரளாகக் கூடுவதற்குரிய இடம் அது என்பதனால் அன்றோ? அந்த அரங்கும் காணத்தக்கதே.

இனி வாயிலைப் பற்றிச் சிந்திப்போம்.

ஈரானின் தலைநகரான தெகிரானில் உள்ள மாபெரும் அரங்கின் பெயர் ஆசாதி. அச்சொல்லின் பொருள் விடுதலை. 1974இல் ஆசிய விளையாட்டு விழா அங்கு நடந்தபோது அது மன்னரின் பட்டப்பெயரைத் தாங்கி நின்றது. 1979ஆம் ஆண்டுப் புரட்சியின் பின் விடுதலை என்ற பெயரைப் பெற்றது. ஆனால் அதன் பின் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள், ஆடவர் ஆடும் உதைபந்தாட்டத்தைப் பார்க்க அந்நாட்டுப் பெண்களுக்கு அங்கே அனுமதி இல்லை. ஆண்வேடம் பூண்டு அரங்கினுள் நுழைய முயன்ற இளம்பெண் ஒருத்தி கைதானாள். சிறை செல்ல நேரும் என்று அஞ்சித் தன் உடலில் தீ மூட்டிக்கொண்டு 2019 செப்டெம்பரில் உயிர் துறந்தாள். அடுத்த மாதம், ஈரானும் கம்போடியாவும் பொருதிய ஆட்டத்துக்குச் சில ஆயிரம் பெண்கள் உள்ளே விடப்பட்டனர். ஈரான் பதினான்கு கோல்கள் அடித்து வென்றது. ஆனால் அந்நாளின் உண்மையான வெற்றி, பெயர்ப்பலகையில் இருந்த விடுதலை அரங்கினுள்ளே ஓர் அடி எடுத்து வைத்தமையே.

தெகிரானைச் சுட்டிக்காட்டி நாம் பெருமூச்சு விடுவது எளிது. எம் வீட்டு வாயிலையும் பார்க்கவேண்டும். எம் ஊருக்கு மிக அண்மையில் உள்ள தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியின் பெண்கள் உதைபந்தாட்டத்தில் அகில இலங்கை மட்டத்தில் வெற்றி ஈட்டியவர்கள். அதனை நினைக்குந்தோறும் எம் நெஞ்சு நிமிர்கிறது. ஆயினும் பருவமெய்திய பெண்ணுக்கு இனி மைதானம் எதற்கு என்று கேட்கும் பெற்றோரை இன்றும் நாம் சந்திக்கிறோம். ஆசிரியர் என்ற முறையில் அவர்களது முற்றத்தில் நின்று வாதாடியும் இருக்கிறோம். அதே தெல்லிப்பழைக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே உள்ள மாவிட்டபுரத்தில், 1968ஆம் ஆண்டு, கோயிலுக்குள் நுழைய முயன்ற ஒடுக்கப்பட்ட மக்கள் வாயிலில் வைத்துத் தடுக்கப்பட்டனர். தேரோடும் வீதியில் வடம் பிடிக்கவும் எல்லோருக்கும் உரிமை இருக்கவில்லை. வாயிலை மூடுவோர் வேற்றினத்தவராய்த்தான் இருக்கவேண்டும் என்பதில்லை, எம்மவரும் மூடுவர்.

வாயிலைப் பற்றிப் பேசும்போது இந்தோனேசியாவின் மலாங் பகுதியை மறத்தலாகாது. 2022ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாம் திகதி, அங்குள்ள கஞ்சுருஹான் அரங்கில் ஆட்டம் முடிந்தபின் இரசிகர் சிலர் மைதானத்துள் இறங்கினர். பொலிசார் கண்ணீர்ப்புகைக் குண்டுகளை வீசினர். அவை பார்வையாளர் அமர்ந்திருந்த பகுதிகளிலும் வீழ்ந்தன. புகைக்கு அஞ்சி ஓடியோர் வெளியேறும் வாயில்களில் நெருக்குண்டனர். 135 பேர் மாண்டனர். சிறுவரும் அவருள் அடங்குவர். பந்து பார்க்கப் போன பிள்ளை பிணமாகத் திரும்பிய வீடுகளில், அரங்கின் அழகைப் பற்றி யார் பேசுவார்?

எம் மாணவனின் பட்டியலில் முதலில் நின்றது கட்டார் நாட்டின் லுசைல் அரங்கு. ஏறக்குறைய 89,000 பேர் அமரக்கூடியது. 2022 டிசெம்பர் 18ஆம் திகதி ஆர்ஜென்டீனாவும் பிரான்சும் உலகக் கிண்ணத்துக்காகப் பொருதிய களம். அந்த ஆட்டத்தை நாமும் விழித்திருந்து பார்த்தோம், கைதட்டினோம். அதை மறைக்கவில்லை. ஆனால் அந்நாடு அவ்விழாவுக்கென எழுப்பிய அரங்குகளைக் கட்டிய கைகள் எவை? நேபாளம், இந்தியா, பங்களாதேசம், இலங்கை ஆகிய நாடுகளிலிருந்து கடன்பட்டுச் சென்ற ஏழைத் தொழிலாளரின் கைகள். எசமானின் அனுமதியின்றி வேலையை மாற்றிக்கொள்ளவோ நாடு திரும்பவோ இயலாதவாறு நெடுங்காலம் அவர்களைக் கட்டிவைத்திருந்தது அந்நாட்டின் முறை. உலகெங்கும் எழுந்த கண்டனத்தின் பின்னரே சட்டங்கள் திருத்தப்பட்டன. பிட்டுக்கு மண் சுமந்த இறைவனின் கதையை எம் முன்னோர் போற்றினர். அக்கதையில் மண் சுமந்தவன்மீது விழுந்த பிரம்படி அரசன் முதுகிலும் பட்டது; எல்லோர் முதுகிலும் பட்டது. இந்நாளில் பாலைவன வெயில் மண் சுமந்தவன் முதுகிலே மாத்திரம் விழுகிறது. இருக்கையில் அமர்ந்த எமக்கு அது உறைப்பதில்லை.

இப்பொழுது முதல் விதிக்கு வருவோம். அதுவே கடினமானது. எலும்பு கலந்த மண்ணில் அரங்கு ஆகுமா?

ஆப்கானிஸ்தானின் காபூல் நகரில் உள்ள காஸி அரங்கில், 1996 முதல் 2001 வரையான தலிபான் ஆட்சியில், மக்கள் முன்னிலையில் மரண தண்டனைகள் நிறைவேற்றப்பட்டன. 1999 நவம்பரில் ஒரு தாய் அங்கே புல்தரையில் இருத்தப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டாள். பார்வையாளர் இருக்கைகளில் மக்கள் அமர்ந்திருந்தனர். அரங்கு என்பது பார்ப்பதற்காக அமைந்தது. எதைப் பார்ப்பது என்பதை ஆள்வோரிடம் ஒப்படைத்துவிட்டால், அதே படிக்கட்டுகள் கொலையையும் காட்சியாக்கிவிடும்.

ஆசியாவை விட்டுச் சற்று வெளியே செல்வதற்கு வாசகர் எம்மைப் பொறுப்பார்களாக. தென்னமெரிக்காவில் உள்ள சிலி நாட்டில், 1973ஆம் ஆண்டு செப்டெம்பர் 11ஆம் திகதி, மக்கள் தேர்ந்தெடுத்த அயெந்தே அரசைப் படையினர் கவிழ்த்தனர். தலைநகர் சந்தியாகோவின் தேசிய அரங்கு சிறைக்கூடமாயிற்று. பல்லாயிரவர் அங்கு அடைத்துவைக்கப்பட்டு வதைக்கப்பட்டனர், கொல்லப்பட்டோரும் உளர். இரண்டு மாதங்களின் பின் உலகக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டம் ஒன்று அதே அரங்கில் நடைபெற இருந்தது. அந்த மண்ணில் ஆடமாட்டோம் என்று சோவியத் அணி மறுத்தது. உதைபந்தாட்டத்தை ஆளும் உலக அமைப்போ, அரங்கைப் பார்வையிட்டபின், ஆடலாம் என்றது. நவம்பர் 21ஆம் திகதி சிலி அணி மட்டும் களமிறங்கி, எதிரணி இல்லாத மைதானத்தில் பந்தை உருட்டிச் சென்று வெறுமையான வலையினுள் அடித்தது. விளையாட்டின் வரலாற்றில் அதனினும் வெட்கத்துக்குரிய கோல் ஒன்று உண்டென நாம் கருதவில்லை.

அந்த அரங்கு இன்று என்னவாயிற்று? இடிக்கப்படவில்லை. அங்கு ஆட்டங்கள் தொடர்ந்து நடக்கின்றன. 2003இல் அது தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் ஒரு வாயிலின் மேலுள்ள பழைய மரவாங்குகளை அவ்வண்ணமே விட்டுவைத்திருக்கிறார்கள். அரங்கம் நிறைந்து வழியும் நாளிலும் அவ்வாங்குகளில் எவரும் அமர்வதில்லை. வராதவர்களுக்காக அவ்விடம் காத்திருக்கிறது.

இவ்வளவு தூரம் சுற்றி வந்தது யாழ்ப்பாணத்தைப் பற்றிப் பேசுவதற்காகவே.

யாழ் நகரின் நடுவே, கோட்டைக்கும் நூலகத்துக்கும் அருகில், துரையப்பா விளையாட்டரங்கு இருக்கிறது. ஊரின் நடுவே, வீதிகளை நோக்கி என்ற விதிக்கு அது முற்றும் பொருந்தும். குடாநாட்டின் பாடசாலைப் பிள்ளைகள் பல தலைமுறைகளாக அங்கே ஓடியிருக்கிறார்கள். அந்த அரங்கின் பெயரே கொலையுண்ட மனிதர் ஒருவரின் பெயர். நகர முதல்வராக இருந்த அல்பிரட் துரையப்பா, 1975 யூலை 27ஆம் திகதி பொன்னாலை வரதராசப் பெருமாள் கோயிலடியில் தமிழ் இளைஞராற் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரது அரசியலை ஏற்றாலும் மறுத்தாலும், எமக்குள் எழுந்த கருத்து மாறுபாட்டைத் துப்பாக்கியால் தீர்க்கத் தொடங்கிய நாள் அது என்பதை மறுக்க முடியாது.

1999ஆம் ஆண்டு அவ்வரங்கைத் திருத்துவதற்காகத் தொழிலாளர் நிலத்தை அகழ்ந்தபோது மனித எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. 25 பேருடைய எச்சங்கள் எடுக்கப்பட்டன. 1987 முதல் 1990 வரை இந்தியப் படை யாழ்ப்பாணத்தில் நிலைகொண்டிருந்த காலத்தோடு அவற்றைத் தொடர்புபடுத்தி ஊரார் பேசினர். பின்னர் இந்திய அரசின் நிதியுதவியுடன், 14 கோடியே 50 இலட்சம் ரூபா செலவில் அரங்கு புதுப்பிக்கப்பட்டது. 2016 யூன் 18ஆம் திகதி, இந்தியப் பிரதமர் புதுடில்லியில் இருந்தவாறே காணொளி வழியாக அதனைத் திறந்துவைப்பதில் கலந்துகொண்டார். இலங்கை சனாதிபதி அரங்கில் இருந்தார். மாணவர் ஆயிரக்கணக்கில் வரிசையாக நின்று யோகாசனம் செய்தனர்.

அந்தப் பிள்ளைகளை நாம் குறைகூறவில்லை. தந்த நிதியையும் தூற்றவில்லை. இடிந்த அரங்கு எழுந்தமை நன்றே. ஆனால் ஒரு கேள்வி சீமெந்துத் தரையின் கீழே கிடக்கிறது. புதைத்தவர் எவராயினும் ஆகுக. புதையுண்டவர் எவராயினும் ஆகுக. அந்த 25 பேரும் எவருக்கோ பிள்ளைகள். துரையப்பா அரங்கிற் பரிசு பெற்றுவந்த எம் மாணவர் பலரிடம் இதனைப் பற்றி வினவினோம். ஒருவரேனும் அறிந்திருக்கவில்லை. அவர்கள் அறியாமைக்கு அவர்கள் பொறுப்பாளிகள் அல்லர். சொல்லாது விட்ட நாமே பொறுப்பாளிகள்.

இங்கு இரண்டு தரப்பார் எம்மை மறிப்பர். ஒரு சாரார், எலும்பு கிடந்த இடத்தில் பந்து உருளலாகாது; அதனை மூடி மயானமாக வணங்குவோம் என்பர். மதிப்புக்குரிய உணர்ச்சிதான். ஆயின் இந்தக் குடாநாட்டில் எலும்பு கிடந்த இடமெல்லாம் மூடப்படுமாயின், பிள்ளைகள் எங்கே ஓடுவர்? செம்மணியில் 2025ஆம் ஆண்டு அகழ்ந்தபோது இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டமையை நாம் எல்லோரும் அறிவோம். இறந்தோருக்காக இருப்போரின் நிலம் முழுவதையும் பறித்தல், கொன்றவனின் வேலையை நாமே முடித்துக்கொடுப்பதாகும்.

மற்றொரு சாரார், பழையதைக் கிளறுவானேன், பிள்ளைகள் மகிழ்ந்திருக்கட்டும் என்பர். இக்கூற்றே அதிகம் ஒலிப்பது. மறுத்தற்கு அரியதும் இதுவே. எம் பிள்ளைகளின் மகிழ்ச்சியை எவர்தான் வேண்டார்? ஆனால் விளையாட்டின் இயல்பை இவர்கள் எண்ணிப் பார்க்கவேண்டும். வெண்கோட்டுக்குள் இறங்கியதும் பணக்காரன் மகனும் ஏழை மகனும் ஒரே விதிக்கு உட்படுகின்றனர். தவறு செய்தவன் முகத்துக்கு நேரே நடுவர் சீட்டை நீட்டுகிறார். எல்லாவற்றிலும் மேலாக, ஒருவன் எழமுடியாதபடி வீழ்ந்துவிட்டால் ஆட்டம் நிற்கிறது. அவன் எதிரணியைச் சேர்ந்தவனாயினும் நிற்கிறது. இதுவே விளையாட்டு எமக்குக் கற்பிக்கும் அறம். வீழ்ந்தவர் 25 பேர் இருக்க, ஒரு நிமிடமேனும் ஆட்டத்தை நிறுத்தாதவர்கள் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது எந்த விளையாட்டை?

ஆதலின் நாம் வேண்டுவது சிறிது. ஆட்டம் தொடரட்டும். சந்தியாகோவிற் போல ஒரு வரிசை இருக்கையை எவரும் அமராதபடி விட்டுவைப்போம். இறந்தவர் எந்தத் தரப்பினர் என்று கேளாமல், 25 என்ற எண்ணை ஒரு கல்லிற் பொறிப்போம். அங்கு ஆடவரும் ஒவ்வொரு பாடசாலை அணிக்கும் அதன் ஆசிரியர் அக்கல்லின் முன் நின்று நிகழ்ந்ததைக் கூறட்டும். எலும்பு கலந்த நிலம் ஆகாது என்றார் உரையாசிரியர். காலம் எமக்கு வேறு நிலத்தை விட்டுவைக்கவில்லை. அம்மண்ணை அறிந்துகொண்டு மிதித்தல் ஒன்றே எமக்கு எஞ்சிய தூய்மை.

முடிவாக எம் ஊரைப் பற்றி ஒரு சொல். 1990 யூனில் வலிகாமம் வடக்கு மக்கள் உடுத்த உடையோடு வெளியேறினர். 1950இல் தொடங்கிய சீமெந்து ஆலை அவ்வாண்டிலே நின்றது. புகையிரதம் மீண்டும் காங்கேசன்துறைக்கு வந்து சேர 2015 ஆயிற்று. நிலம் துண்டு துண்டாகவே மீண்டது. ஒரு பகுதி இன்னமும் மீளவில்லை. நாம் இப்பொழுது ஆடும் திடல் மீண்டபோது அது பற்றைக் காடாகக் கிடந்தது. எல்லைக்கல் இல்லை, கோல் கம்பம் இல்லை. முதியவர் ஒருவர் தூர்ந்துபோன கிணற்றடியில் நின்று, அங்கிருந்து அடி எண்ணிக்கொண்டு நடந்தார். ஓரிடத்தில் நின்று, "இதிலதான் கம்பம்" என்றார். தோண்டினோம். பழைய குழியின் சீமெந்து தட்டுப்பட்டது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அத்திடல் அவரது கால்களின் நினைவில் இருந்திருக்கிறது. அத்திடலுக்கு இருக்கைகள் இல்லை, வேலியும் இல்லை. வீதியிற் போகும் எவரும் நின்று பார்க்கலாம். மாலையில் பெண்பிள்ளைகளும் ஆடுகிறார்கள்.

அம்மாணவனுக்கு இப்பொழுது விடை கூறுவோம். தம்பி, ஒருநாள் லுசைலையும் போய்ப் பார். அங்கே கூரையைப் பார்க்குமுன் அதனைத் தூக்கியவனை நினை. ஆசாதியில் வாயிலைப் பார். கஞ்சுருஹானில் வெளியேறும் வழியைப் பார். அவற்றுக்கெல்லாம் முன்னர், வருகின்ற சனிக்கிழமை காலைப் புகையிரதத்தில் எம்மோடு யாழ்ப்பாணம் வா. துரையப்பா அரங்கின் நடுவே சிறிது நேரம் பேசாமல் நிற்போம். பின்பு, பந்தையும் கொண்டு வா, ஆடுவோம்.